கேவ்ராதலாவுக்கு ஆளில்லாத வழி

ஜாவாவின் தென்கரையில் கொஞ்ச காலம் சைக்கிளில் சுற்றியிருக்கிறேன். ஒரு பக்கம் கடல், மறுபக்கம் புகை விடுகிற மலை, நடுவே சாம்பல் படிந்த கறுப்புச் சாலை. மலை எப்போது பொங்கும் என்று யாருக்கும் தெரியாததால் அந்தப் பக்கம் குடியிருப்பு குறைவு. அரை நாள் மிதித்தாலும் நம் சக்கரத்தின் சத்தம் மட்டுமே கூட வரும். அதைச் சொன்னால், "உலகத்திலேயே அமைதியான சாலை அதுதானோ?" என்று கேட்கிறார்கள். இல்லை. அதைவிட அமைதியான சாலைகளில் அதற்கு முன்பே போயிருக்கிறேன். அவை கல்கத்தாவுக்குத் தெற்கே இருந்தன, பிளேக் வந்த வருஷத்தில்.

நான் தூத்துக்குடிப் பக்கம் கடலோரத்தில் பிறந்தவன். வலை இழுக்கிற குடும்பம். நாலாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டு, கப்பலில் மூட்டை தூக்கி, கொழும்பு, ரங்கூன் என்று அலைந்து கல்கத்தாவில் இறங்கினேன். அங்கே ஒரு வெள்ளைக்காரக் கம்பெனியில் இரண்டாம் குமாஸ்தாவாக இருந்த ஐயர் ஒருவர் எனக்கு வேலை வாங்கிக் கொடுத்தார். ஆற்றோரம் கம்பெனிக்குக் கிடங்குகள் இருந்தன. ஆபீசுக்கும் கிடங்குகளுக்கும் நடுவே பையைச் சுமந்து போகிற ஆள் நான். அதற்காக ஒரு சைக்கிள் தந்திருந்தார்கள். ஆசனத்துக்குப் பின்னால் பை கட்ட இரும்புச் சட்டம் வைத்த, கனமான வண்டி. இப்போது வருகிற வண்டிகளைப் போல மிதிக்காமல் உருள விடாது. சக்கரம் சுற்றினால் மிதிகட்டையும் கூடவே சுற்றும்.

பெரிய சாலைகள் மாட்டுவண்டிகளால் அடைந்து கிடக்கும். மாடு மிரண்டால் வண்டிக்காரன் சாட்டையை நம் மேல் திருப்புவான். ஆகவே ஆளில்லாத வழிகளாகத் தேடிப் பழகினேன். ஆதி கங்கை என்கிற கங்கையின் பழைய கிளையின் கரை மேடு, பாலிகஞ்சுக்குப் பின்னால் வயல் வரப்பு, ஜாதவ்பூர்ப் பக்கம் மூங்கில் புதர்களுக்குள் போகிற ஒற்றையடித் தடம், பேஹாலாவுக்கு மேற்கே குளங்களைச் சுற்றிப் போகிற செங்கல் தூள் சாலை. எல்லாம் என் காலுக்குத் தெரியும். பிளேக் வந்ததும் பெரிய சாலைகளும் அவற்றைப் போலவே ஆகிவிட்டன. பாதி ஊர் ரயில் ஏறிவிட்டது. பவானிப்பூரில் இருந்த தமிழ்க் குடும்பங்கள் ஒவ்வொன்றாகக் கதவைப் பூட்டிக்கொண்டு மதராஸ் பக்கம் போயின. ஐயர் போகவில்லை. லீவு கிடைக்கவில்லை. அவர் மனைவியும் அவரை விட்டுவிட்டுப் போக மறுத்துவிட்டார். அவர்களுக்குப் பிள்ளை இல்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அவர் எப்படி இருக்கிறார் என்று பார்க்கப் போனேன். அவருக்கு மூன்று நாளாகக் காய்ச்சல். வாசலிலேயே அவர் மனைவி நின்றுகொண்டிருந்தார்; அம்மா என்றுதான் நான் கூப்பிடுவேன்.

"விடியறச்சே போயிட்டார்" என்றார். அழுகை இல்லை. "உள்ளே வராதே. அங்கேயே நின்னு கேளு."

கேட்டேன். கடைசி இரண்டு நாளும் ஐயருக்கு ஒரே பயமாக இருந்திருக்கிறது. சாவை நினைத்து அல்ல, முனிசிபாலிட்டி வண்டியை நினைத்து. பிளேக்கில் இறந்தவர்களைக் கோணியில் சுற்றி, நாலைந்து பேரை ஒன்றாகப் போட்டு இழுத்துப் போவதை அவர் ஆபீஸ் ஜன்னலிலிருந்து பார்த்திருக்கிறார். நம்மவர்கள் நாலு பேர் தோளில்தான் போக வேண்டும் என்று மனைவியிடம் சத்தியம் வாங்கிக்கொண்டார்.

"நான் கையடிச்சுக் குடுத்திருக்கேன்" என்றார் அம்மா. "நாலு பேர் வேணும். யார் யார் இருக்கான்னு உனக்குத்தான் தெரியும். நீதான் எல்லா இடத்துக்கும் போறவன்."

வலைக்காரனான நான் ஐயரைத் தொட்டுத் தூக்க முடியாது என்பதை அம்மா சொல்லவில்லை. சொல்ல வேண்டிய அவசியமும் இல்லை. அது அன்றைய வழக்கம். நானும் வேறு விதமாக எதிர்பார்க்கவில்லை.

பக்கத்து வீட்டு வங்காளி டாக்டர் தன் வீட்டுப் படியில் நின்று எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். சைக்கிளைத் திருப்பும்போது என்னைக் கூப்பிட்டார். பாதி இந்தியிலும் பாதி வங்காளியிலுமாகச் சொன்னார்: "நான் இதை முனிசிபாலிட்டிக்கு எழுதியாக வேண்டும். என் கடமை. ஆனால் இன்று எனக்கும் வயிறு சரியில்லை. இருட்டும் வரை கையில் பேனா எடுக்க மாட்டேன். அதற்குப் பிறகு எடுப்பேன், புரிகிறதா?"

புரிந்தது. இருட்டுவதற்குள் நாலு பேர்.

முதலில் அதே பவானிப்பூரில் இருந்த மெஸ்ஸுக்குப் போனேன். தமிழ்ப் பிராமணக் குமாஸ்தாக்கள் ஏழெட்டுப் பேர் சேர்ந்து சமைத்துச் சாப்பிட்ட இடம். இரண்டு பேர்தான் மிச்சம் இருந்தார்கள். ஒருவர் நாற்பது வயது, எதற்கும் சாஸ்திரம் கேட்கிறவர். இன்னொருவர் வேலைக்குச் சேர்ந்து ஒரு வருஷம்கூட ஆகாத இளைஞர். விஷயத்தைச் சொன்னேன். பெரியவர் வெகுநேரம் பூணூலைத் திருகிக்கொண்டிருந்தார்.

"நாலு பேரும் சேர்ந்தா வரேன்" என்றார். "மூணு பேரா நின்னுண்டு முழிக்க முடியாது."

"நான் வரேன்" என்றார் இளைஞர், அவ்வளவுதான். பாடை கட்ட மூங்கில் வாங்கி வைக்கும்படி அவரிடம் சொல்லிவிட்டு, தெற்கே இருக்கிற கரியாவுக்குக் கிளம்பினேன்.

ஆதி கங்கைக் கரையில் அன்று ஓர் ஆள்கூட இல்லை. வழக்கமாகத் துவைக்கிற பெண்கள், மண் பானைப் படகுகள், எருமை கழுவுகிறவர்கள் எல்லாம் இருப்பார்கள். அன்று படிக்கட்டுகள் காய்ந்து கிடந்தன. ஒரு படகு கட்டவிழ்ந்து நாணலில் செருகி நின்றது. நாய்கள் கூடக் குரைக்கவில்லை. நாய் குரைக்காத சாலையில் சைக்கிள் விடுவதற்குச் சுகமாகத்தான் இருக்கும். அன்று அது சுகமாக இல்லை.

கரியாவில் ஒரு ஜமீன்தாரின் தோட்ட வீட்டில் தஞ்சாவூர்க்காரச் சமையல்காரர் ஒருவர் இருந்தார். அவரும் பிராமணர். கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இருந்தார். நான் குரல் கொடுத்ததும் வீட்டுக்கு முன்னாலிருந்த குளத்தின் அந்தக் கரைக்கு வந்து நின்றார்.

"கிட்ட வராதே! அங்கேர்ந்தே கத்து!"

கத்தினேன்.

"காய்ச்சலா? என்ன காய்ச்சல்?"

"காய்ச்சல்தான் சாமி."

"அக்குள்ல கட்டி இருந்துதா?"

நான் குனிந்து சைக்கிளின் சக்கரத்தைப் பார்த்தேன்.

"நீ வாயை மூடிண்டு நிக்கறதே போறும்" என்றார். "எனக்கு ரெண்டு பொண்ணு இருக்கு கும்பகோணத்துல. நான் போயிட்டா அதுகளுக்கு யார்? நீ தூக்குவியா?"

"நான் தூக்கக் கூடாதே சாமி."

"அதான் சொல்றேன்." பிறகு உள்ளே போய், ஒரு கட்டுத் தர்ப்பையும் ஒரு பொட்டலம் எள்ளும் கொண்டுவந்து குளத்துப் படியில் வைத்துவிட்டுப் பின்னால் நகர்ந்தார். "நான் வரல்லே. இது வரட்டும். நல்ல மனுஷன் அவர். ஒரு தடவை எனக்கு அரை மூட்டை அரிசி வாங்கிக் குடுத்தார். போ, போ, நிக்காதே."

தர்ப்பையைச் சட்டத்தில் கட்டிக்கொண்டு மேற்கே திரும்பினேன். அடுத்தது பஜ்பஜ். கம்பெனியின் மண்ணெண்ணெய்க் கிடங்கில் குமாஸ்தாவாக இருந்தார் ஐயரின் ஒன்றுவிட்ட தம்பி. கொள்ளி போட வேண்டியவர் அவர்தான். ஞாயிற்றுக்கிழமை ரயிலை நம்ப முடியாது. ஸ்டேஷனில் பயணிகளை இறக்கி நாடி பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஆகவே குளத்துச் சாலையிலேயே மிதித்தேன். வழியில் ஒரு கிராமத்தைத் தாண்டினேன். வீடுகளின் கூரையைப் பிரித்துப் போட்டிருந்தார்கள், வெயில் உள்ளே விழட்டும் என்று. அது சர்க்கார் உத்தரவு. கூரையில்லாத வீடுகளுக்குள் பாத்திரம் வைத்தது வைத்தபடி இருந்தது. யாருமில்லை. இறங்கித் தண்ணீர் குடிக்க நினைத்தேன், குடிக்கவில்லை.

தம்பி பருத்த மனிதர். எதையும் கிண்டல் செய்யாமல் அவரால் பேச முடியாது. அண்ணா போய்விட்டார் என்றதும் கிடங்கின் படியில் அப்படியே உட்கார்ந்தார். பிறகு எழுந்து, மேல் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, "எப்படிப் போறது?" என்றார்.

"இதுலதான் சாமி. பின்னால உக்காந்துக்கிடுங்க."

சட்டத்தைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "உன் முதுகைப் பிடிச்சுக்கணுமா?"

"ஆசனத்தைப் பிடிச்சுக்கிடலாம்."

"அது தோல்."

"அப்போ முதுகைத்தான் பிடிக்கணும்."

"ஏண்டா, மாட்டுத் தோலா மீன்காரன் முதுகான்னு ஒரு நாள் நிக்கவேண்டி வரும்னு நான் நினைக்கலையே" என்றார். சிரிக்கத்தான் முயன்றார். கடைசியில் என் சட்டையின் ஓரத்தை இரண்டு விரலால் பிடித்துக்கொண்டார். முதல் மேட்டில் சரிந்தபோது முழுக் கையால் பிடித்தார். அதற்குப் பிறகு விடவில்லை. வழி நெடுக, அண்ணா தன்னைச் சின்ன வயதில் தோளில் தூக்கிக் காவேரியில் இறக்கியதைச் சொல்லிக்கொண்டே வந்தார். எனக்கு மூச்சு வாங்கியது.

நாங்கள் போய்ச் சேரும்போது வெயில் சாயத் தொடங்கியிருந்தது. மெஸ்காரர்கள் இருவரும் வாசலில் பாடை கட்டி முடித்திருந்தார்கள். பெரியவர் என் பின்னால் எட்டிப் பார்த்தார்.

"நாலாவது ஆள் எங்கே?"

சமையல்காரர் சொன்னதைச் சொன்னேன். தர்ப்பையைக் கொடுத்தேன்.

"தர்ப்பை வந்து தோள் குடுக்குமா?" என்றார்.

அப்போது டாக்டர் படியிறங்கி வந்தார். தானும் தன் மைத்துனனும் வருவதாகவும், தாங்களும் பிராமணர்கள்தான் என்றும் சொன்னார். பெரியவர் கைகூப்பினார். "உங்க நல்ல மனசு. ஆனா நீங்க மீன் சாப்பிடறவா."

டாக்டருக்கு முகம் சிவந்தது. "மீன் சாப்பிட்டால் தோள் அழுகிப் போகுமா?" என்று வங்காளியில் கேட்டார். கதவுக்குப் பின்னால் அம்மா நின்றுகொண்டிருந்தார். எல்லாரும் அவர் பக்கம் பார்த்தார்கள். அவர் டாக்டரை நோக்கிக் கும்பிட்டார். "நம்மவா தோள்னு சொல்லிட்டேன்" என்றார் மெதுவாக. டாக்டர் திரும்பித் தன் படிக்குப் போய் உட்கார்ந்தார். உள்ளே போகவும் இல்லை, பேனா எடுக்கவும் இல்லை.

நேரம் போய்க்கொண்டிருந்தது. மூன்று பேரும் பாடையைச் சுற்றி நின்றார்கள். தம்பிதான் முதலில் பேசினார்.

"இந்தச் சைக்கிள் பஜ்பஜ்லேர்ந்து என்னைச் சுமந்துண்டு வந்தது. என்னைத் தூக்கினது அண்ணாவைத் தூக்காதா?"

பெரியவர் நிமிர்ந்தார். இந்த மாதிரிக் கேள்வி என்றால் அவருக்கு உயிர் வந்துவிடும். "இரும்புக்குத் தீட்டு இல்லே. அலம்பினாப் போறும். ஆனா ஆசனம் தோல்."

"கழட்டிடலாம்" என்றேன்.

"இவன் கை பிடிச்சிருப்பானே. இரும்பு வழியா வராதா?"

"நடுவிலே தர்ப்பை போட்டா?" என்றார் இளைஞர். அன்று முழுவதும் அவர் பேசிய இரண்டாவது பேச்சு அது.

பெரியவர் யோசித்தார். "தர்ப்பை போட்டா வராது" என்றார்.

அப்படித்தான் நடந்தது. ஆசனத்தைக் கழற்றி வேலியோரம் வைத்தேன். குடம் குடமாகத் தண்ணீர் விட்டு வண்டியைக் கழுவினார்கள். பாடையின் பின்பக்க வலது முனையில் தர்ப்பையைக் கனமாகச் சுற்றி, இரும்புச் சட்டத்தின் மேல் வைத்து, கயிற்றால் கட்டினார்கள். சட்டம் இடுப்பு உயரம்தான். அதனால் மற்ற மூன்று பேரும் தோளில் கயிறு மாட்டி, பாடையை இடுப்பு மட்டத்தில் தொங்கவிட்டுத் தாங்கினார்கள். கொள்ளிக்காரன் தூக்கக் கூடாது, முன்னால் நெருப்போடு நடக்க வேண்டும். ஆள் ஏது? தம்பி ஒரு தோளில் கயிறும் ஒரு கையில் நெருப்புச் சட்டியுமாக முன்னால் நின்றார். நான் பின்னால் சைக்கிளின் கைப்பிடியைப் பிடித்தேன்.

அம்மா வாசல் வரை வந்தார். பாடையின் நான்கு முனைகளையும் ஒவ்வொன்றாகப் பார்த்தார். நாலாவதில் கண் நின்றது. ஏதோ சொல்லப் போகிறார் என்று நினைத்தேன்.

"நிதானமாத் தள்ளு" என்றார். "அவருக்குக் குலுங்கினா ஆகாது."

கேவ்ராதலா சுடுகாட்டுக்கு நேர்வழி டிராம் ஓடுகிற பெரிய சாலை. வழியில் போலீஸ் சாவடி. பிளேக் பிணம் என்று தெரிந்தால் அங்கேயே இறக்கிவிடுவார்கள். ஆகவே நான் என் வழியில் கூட்டிப் போனேன். கிழக்கே திரும்பி, பாலிகஞ்சு வயல்களைச் சுற்றி, பிறகு மேற்கே. தூரம் இரண்டு மடங்கு, ஆனால் பார்க்க ஆள் இல்லை. மண் சாலையில் சக்கரம் சத்தமில்லாமல் உருண்டது. மிதிகட்டைகள் மட்டும் யாரோ மிதிப்பதுபோலத் தாமாகவே சுற்றிக்கொண்டு வந்தன. ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு கட்டை என் முழங்கால் எலும்பில் இடித்தது. இளைஞர் அடிக்கடி நின்று இருமினார். வெயிலில் நின்றதால் என்றார். ஒரு வாரத்துக்குள் அவரும் போய்விட்டார். அவரை முனிசிபாலிட்டி வண்டிதான் எடுத்துப் போனது. அது நடந்து ஒரு நாள் கழித்துத்தான் எனக்குத் தெரிந்தது.

வயல் முடிகிற இடத்தில் ஒரு கால்வாய் உண்டு. மேலே ஒற்றை மூங்கில் பாலம். தனியாக வரும்போது சைக்கிளைத் தோளில் போட்டுக்கொண்டு அதில் நடந்துவிடுவேன். பாடையோடு முடியாது. இறங்கித்தான் கடக்க வேண்டும். அன்று ஆற்றில் நீர் ஏறுகிற நேரம். கால்வாயில் இடுப்பளவு தண்ணீர்.

"வேற வழி?" என்றார் பெரியவர்.

"சாவடி வழிதான் சாமி."

இறங்கினோம். மூன்று அடி வைத்ததும் பாடையின் அடியில் தண்ணீர் தட்டியது. "மேலே! மேலே தூக்கு!" என்று தம்பி கத்தினார். மூவரும் கயிற்றை விட்டுவிட்டு மூங்கிலைத் தோளுக்கு ஏற்றினார்கள். என் முனை மட்டும் தாழ்ந்து நின்றது. சைக்கிளின் சக்கரம் சேற்றில் புதைந்து நகரவில்லை. பாடை என் பக்கம் சரியத் தொடங்கியது. ஐயரின் தலை அந்தப் பக்கம் உருண்டது.

நான் குனிந்து சைக்கிளின் நடுக் கம்பிக்கடியில் தோளைக் கொடுத்து எழுந்தேன். சைக்கிள் என் தோளில், அதன் மேல் தர்ப்பை, தர்ப்பை மேல் அவர். இப்போது நாலு முனையும் ஒரே மட்டத்தில் இருந்தன. யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. சேறு காலைப் பிடித்து இழுத்தது. கம்பி கழுத்தெலும்பில் இறங்கியது. அந்த எடையில் வண்டி எவ்வளவு, அவர் எவ்வளவு என்று பிரிக்கத் தெரியவில்லை. பெரியவர் மந்திரத்தை நிறுத்தாமல் சொல்லிக்கொண்டே வந்தார், கொஞ்சம் உரக்க. அக்கரையில் ஏறிய பிறகும் சிறிது தூரம் யாரும் தோளை இறக்கவில்லை. நானும் இறக்கவில்லை. பிறகு தம்பி, முன்னால் பார்த்தபடியே, "போறும்டா, இறக்கிக்கோ" என்றார்.

கடைசி வெளிச்சத்தில் எரித்தோம். அவர்கள் ஆதி கங்கையில் முழுகினார்கள். நான் தள்ளிப் போய் வேறு படியில் சைக்கிளோடு இறங்கினேன்.

மறுநாள் ஆசனத்தை எடுக்கப் போனேன். வேலியோரம் அப்படியே இருந்தது. டாக்டர் பேனா எடுத்துவிட்டார் போலிருந்தது. வீட்டுச் சுவரில் சுண்ணாம்பால் அடையாளம் போட்டிருந்தார்கள். படுக்கை எரித்த சாம்பல் முற்றத்தில் கிடந்தது. அம்மா வாசலுக்கு உள்ளே உட்கார்ந்திருந்தார்.

"மத்தவாளை என்ன கேட்டாலும் 'ஆச்சு'ங்கறா" என்றார். "நீ சொல்லு. நாலு தோளா?"

"நாலு தோள்தாம்மா."

"கால்வாய் வழியாப் போனதாச் சொன்னா. தண்ணி இருந்துதா?"

"இடுப்பு வரைக்கும்."

"சைக்கிள் தள்ள முடியாதே."

"முடியாதும்மா."

அவர் என் சட்டையைப் பார்த்தார். தோளில் துணி கிழிந்து, ரத்தம் காய்ந்து ஒட்டியிருந்தது. பிறகு எழுந்து உள்ளே போய், ஒரு சின்னக் கிண்ணத்தில் தேங்காயெண்ணெய் கொண்டுவந்து படியில் வைத்தார். வைத்துவிட்டு அந்தச் சமையல்காரரைப் போலப் பின்னால் நகரவில்லை. அங்கேயே நின்றார்.

"இங்கேயே உக்காந்து போட்டுக்கோ" என்றார்.

படியில் உட்கார்ந்து சட்டையைக் கழற்றினேன். எண்ணெய் பட்டதும் எரிந்தது. அவர் கதவுச் சட்டத்தில் சாய்ந்து, நான் போட்டு முடிக்கிற வரை தெருவைப் பார்த்துக்கொண்டு நின்றார். தெருவில் யாரும் இல்லை.